இருபது அடிக்கு அப்பால்

பாயான் லெப்பாஸ். இரவு ஷிஃப்ட்.
நுண்ணோக்கியின் இரட்டைக் குழாயில்
இரண்டு கண்ணையும் ஊற்றி வைத்துவிட்டுத்
தங்கக் கம்பி பார்க்கிறேன்.
தலைமுடியில் கால் பங்கு கனம்.
ஒட்டியிருந்தால் பச்சைத் தட்டு
விட்டிருந்தால் சிவப்பு.
விடிவதற்குள் இரண்டாயிரத்து நானூறு சில்லு.

இவ்வளவு தங்கம் பார்த்தவள்
நம் சொந்தத்திலேயே நீதான் என்று
மாமியார் ஒருமுறை சிரித்தார்.
அது முதல் வருஷம்.
இது ஒன்பதாவது.

ஏப்ரலில் கம்பிகள் இரண்டிரண்டாயின.
நல்லதைத் தூக்கிச் சிவப்பில் போட்டேன்.
லைன் லீடர் தோளைத் தட்டினார்:
"தவமலர், தூக்கமா?"
தூக்கமில்லை.
பத்து ஃபெரிங்கி மணல் மொத்தமும்
என் இமைக்கடியில் கிடந்தது.

டத்தோ கெராமாட் சாலையில் கண்ணாடிக் கடை.
ஓய் செங் லிம் விளக்கை அணைத்தார்
கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு
நீல வெளிச்சம் அடித்தார்
பேசாமல் எதையோ எண்ணினார்.
"நிமிஷத்துக்கு நாலு.
நீங்கள் இமைக்கவே மறந்துவிட்டீர்கள்."

தேவர்கள் இமைப்பதில்லை என்பார்கள்.
அவர்களுக்கு யார் கோட்டா வைத்தது?

கண்ணை இமை காப்பது போல
காப்பேன் என்றுதான் அவரும் சொன்னார்
பெண் பார்க்க வந்த அன்று.
இமையே வேலையை விட்டு நின்றுவிட்டால்
என்ன செய்வதென்று
அந்தப் பழமொழியில் இல்லை.

முப்பத்தெட்டு வெள்ளிக்குச் சொட்டு மருந்து.
அப்புறம் காசில்லாத மருந்து ஒன்று:
இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை
இருபது அடிக்கு அப்பால்
இருபது விநாடி.

இருபது அடிக்கு எங்கே போவேன்?
வீட்டுக் கூடம் ஒன்பதரை அடி
இனியவனின் அளவுகோலால் அளந்தேன்.
ஜன்னலைத் திறந்தால்
எதிர் அடுக்குமாடிக்காரர் கைலி காய்கிறது.
கம்பெனி பஸ்ஸில்
முன்சீட்டு முதுகு, கைப்பேசி,
கைப்பேசிக்குள் யாரோ சமைத்த நண்டு.
இனியவனுக்கு எட்டு வயது
திரையை மூக்கால் முகர்கிறான்.
தடுக்க வாயெடுத்து
என் கையில் இருந்ததைக் கீழே வைத்தேன்.

சீருடை கழற்றும் நடைவழிக் கோடியில்
ஒரு ஜன்னல் உண்டு
பழைய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால்.
கழிப்பறைச் சீட்டை எடுத்துக்கொண்டு
அங்கே போய் நின்றேன்.
இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை யார் விடுவார்கள்,
மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை.

முதல் நாள் வெறும் இருட்டு.
இருட்டுக்கும் தூரம் உண்டென்று
கண்ணுக்குத் தெரிய நேரமாயிற்று.
பிறகு ஜெரெஜாக் தீவின் முதுகு,
பாலத்தில் ஊரும் லாரி,
அக்கரையில் பெயர் தெரியாத ஊர்களின் வெளிச்சம்.
கண்ணுக்குள் இறுக்கிப் பிடித்திருந்த எதுவோ
முடிச்சுவிட்ட பாவாடை நாடாபோல்
தளர்ந்தது.

மூன்றாம் வாரம் அஸ்லிண்டா வந்தாள்.
அப்புறம் நேப்பாளத்துப் பெண்கள் இருவர்.
நாலு பேர், முகமூடியோடு,
ஒன்றும் பேசாமல்,
எதையும் சரிபார்க்காமல்
பார்த்துக்கொண்டிருந்தோம்.

லைன் லீடர் வந்துவிட்டார்.
"என்ன நடக்கிறது இங்கே?"
"மருந்து சாப்பிடுகிறோம்."
நம்பவில்லை. ஆனால் அவரும்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே
அட்டைப்பெட்டி மேல் சாய்ந்தார்.

நடுக்கடலில் ஒரு மீன்பிடிப் படகின் விளக்கு
அலைக்குள் போய்ப் போய் வந்தது.
"கெலிப்" என்றாள் அஸ்லிண்டா.
மலாயில் அதற்கு இமைப்பு என்று பொருள்.
இரண்டு தரம் சொன்னால் மின்மினி.
நிபோங் தெபால் ஆற்றோரம்
மரம் மரமாய் இருக்குமாம், அவள் ஊர்ப் பக்கம்.
இனியவனைக் கூட்டிப் போகவேண்டும்
கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு.
லீவு கிடைத்தால்.

படகு இமைத்தது.
நான் இமைத்தேன்.
பதினேழு, பதினெட்டு,
பத்தொன்ப—

மணி அடித்துவிட்டது.